பறுவத்தாரும் பல்லுக்கொழுக்கட்டையும்

நிலவிடம் அனுமதி வாங்கித் தண்ணீர்க் குழாய் திருத்திய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவரும் எங்கள் கோலியர்ஸ் வுட்டில்தான் இருந்தார். கிணறு வெட்ட நாள் பார்த்தவர்களைக் கண்டிருக்கிறேன். வீட்டுக்கு நிலை வைக்க நேரம் பார்த்தவர்களைக் கண்டிருக்கிறேன். சிங்க் அடைப்பு எடுக்கத் தேய்பிறை பார்த்த வெள்ளைக்காரரை இவருக்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

சொந்தப் பெயரை அவர் தன் வேன் கதவில் பெரிதாக எழுதித்தான் வைத்திருந்தார். எங்கள் தெருவில் ஒருவரும் அதை வாசிக்கவில்லை. பௌர்ணமியை யாழ்ப்பாணத்தில் பறுவம் என்போம். எந்நேரமும் பறுவம் எப்போது என்று கணக்குப் பார்த்துக்கொண்டு திரிந்தவர் பறுவத்தார் ஆனார்.

என்னைத் தெரியாதவர்கள் தெற்கு லண்டனில் குறைவு. அந்தக் குறைவான பேருக்காகச் சொல்கிறேன். ஸ்ட்ரெதமிலிருந்து கோலியர்ஸ் வுட் வரைக்கும் எங்கே கலியாணம், பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, செத்தவருக்கு அந்தியேட்டி நடந்தாலும் அங்கே கொதிக்கிற அண்டா என்னுடையதாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்போடு விட்டுவிட்டது. நட்டம் பள்ளிக்கூடத்துக்கு. இந்த நகரத்தில் பிறத்தியார் சாப்பிட்ட கோப்பை கழுவித்தான் தொடங்கினேன். நான் கழுவின கோப்பையில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படிக் கழுவினேன். அதனால்தான் இன்று சொந்தக் கடை, சொந்த அடுப்பு, சொந்தச் சிங்க். அந்தச் சிங்க்தான் இந்தக் கதையின் தொடக்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் பெரிய கலியாணம் ஒன்றின் சாப்பாடு. சிங்க் அடைத்து, கத்தரிக்காய் கழுவின தண்ணீர் சமையலறையில் முழங்கால் வரைக்கும் நிற்கிறது. முழங்கால் என்பது கொஞ்சம் கூடுதல், கணுக்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கடைக்காரன் அவசரத்துக்கு ஒரு பிளம்பரை அனுப்பினான். கதவை அடைக்கிற உயரம். நெஞ்சு வரை தாடி. விரலுக்கு விரல் வெள்ளி மோதிரம். குனிந்து சிங்கைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பின்வளவுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். திரும்பி வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“இண்டைக்கு வளர்பிறை. இப்ப எடுத்தால் அடைப்பு திரும்ப வளரும். அடுத்த கிழமை வாறன்.”

அவர் சொன்னது இங்கிலீசில்தான். ஆனால் இந்தக் கதையில் எல்லாரையும் எங்கள் பேச்சில்தான் பேச விடப்போகிறேன். பேனை என் கையில் இருக்கிறது.

“நாளைக்குக் கலியாணம், ஐயா,” என்றேன்.

“வளர்பிறையில கலியாணம் நல்லது. சிங்க்தான் கூடாது.”

சாத்திரிமாரோடு பேசிப் பழகின வாய் என்னுடையது. தோஷம் என்று ஒருவர் சொன்னால், பரிகாரமும் அவர் பையில்தான் இருக்கும். “உதுக்கொரு பரிகாரம் இல்லையோ?” என்று கேட்டேன். அந்த மனிதரின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவருடைய சீவியத்தில் ஒரு வாடிக்கையாளரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லையாம். மற்றவர்கள் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் வேறு பிளம்பரைக் கூப்பிடுவார்கள். அவர் பின்வளவில் ஒரு கிண்ணம் பால் வைத்து, நிலவு நிற்கிற திசையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, வந்து அடைப்பை எடுத்தார். அந்தச் சிங்க் அதற்குப் பிறகு ஒரு நாளும் அடைக்கவில்லை. பாலை யாருடையதோ பூனை குடித்தது. அதுவும் பரிகாரத்தில் சேர்ந்ததுதான் என்றார்.

அன்றிலிருந்து அவர் எங்கள் தெருவின் ஆள். பொயிலரைத் திருத்தி முடித்தால் அதன் வயிற்றில் தட்டி நன்றி சொல்லுவார். என் கடை யன்னலில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. ஒருமுறை சமையலுக்கு ஒரு கொப்புப் பறித்துத் தரச் சொன்னேன். செடியிடம் சம்மதம் கேட்டுவிட்டு, அதன் பதிலுக்காகக் காத்து நின்றார். செடி யோசித்து முடிக்கும் வரைக்கும் என் சாம்பார் தாளிக்காமல் கிடந்தது. தெருவிலிருந்த எங்கள் பெண்களுக்கு அவரில் பெரிய மதிப்பு. நாள், நேரம், திசை என்று சொன்னால் சிரிக்காத வெள்ளைக்காரர் அவர் ஒருவர்தான். அவர்களில் ஒருத்தி அவருக்கு ராகுகாலத்தையும் சொல்லிக் கொடுத்துவிட்டாள். அதோடு எங்கள் தெருவில் குழாய் திருத்த மிஞ்சியிருந்த நேரமும் பாதியானது.

அவரைக் கண்ணில் காட்டக்கூடாது என்று நின்றவள் பிலோமினா ஒருத்திதான். என் சமையலறையின் தலைவி, மன்னார்க்காரி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை தவறினால் திங்கட்கிழமைக் கறிக்கு உப்புத் தவறும். அவ்வளவு பக்தி.

“அண்ணை, உந்தாள் சூனியக்காரன்,” என்பாள்.

“ஓம். அவரும் அதைத்தான் சொல்லுறார்.”

“சொல்லுறாரோ? வெக்கமில்லாமல்?”

விக்கா என்று ஒரு சமயம் இந்த நாட்டில் இருக்கிறது. நிலவையும் மண்ணையும் பருவகாலங்களையும் கும்பிடுகிற ஆட்கள். சூனியக்காரர் என்ற பெயரைப் பெருமையோடு வைத்துக்கொள்வார்கள், ஆனால் ஒருத்தருக்கும் சூனியம் செய்வதில்லை. பறுவத்தார் எனக்கு விளக்கமாகச் சொன்னார், நான் பிலோமினாவுக்குச் சொன்னேன். “சூனியமும் செய்யாமல் என்னத்துக்குச் சூனியக்காரன்?” என்று கேட்டுவிட்டு வெங்காயம் வெட்டப் போய்விட்டாள்.

ஒருநாள் காலமை பறுவத்தார் குழாய் திருத்துகிற ஆயுதப்பெட்டி இல்லாமல் கடைக்கு வந்தார். ஒரு பிளேன்ரீ கேட்டு வாங்கி, குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, என்ரை மகள் வாறாள்,” என்றார். எங்கள் சமையலறையில் எல்லாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதால் அவரும் அதைப் பிடித்துக்கொண்டார்.

மகளின் கதை எனக்கு முன்பே தெரியும். பிறந்தபோது அவளுக்கு ஒரு முட்செடியின் பெயரை வைத்தார். அவள் வளர்ந்து கணக்காளராகி, முதல் வேலையாகப் பெயரை ஜேன் என்று மாற்றிக்கொண்டாள். கலியாணத்துக்குத் தகப்பனை அழைத்தபோது, “டாட், தயவுசெய்து சூட் போட்டுக்கொண்டு வாங்கோ,” என்று கேட்டாள். அவரும் சூட் போட்டார். நல்ல சூட். தலையில் ஒரு சோடி மான்கொம்பும் வைத்துக்கொண்டு போனார். கொம்பு வேண்டாம் என்று அவள் சொல்லவில்லையே என்பது இவருடைய நியாயம். மாப்பிள்ளையின் தாய் தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கிறவ. படம் எடுக்கிற நேரத்தில் அந்த அம்மாவின் தொப்பியில் கொம்பு மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு மகள் இவரோடு பேசுவதில்லை. யேசு பிறந்த நத்தாருக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், அவ்வளவுதான்.

இப்போது அவளுக்கு ஒரு பெண்குழந்தை. உங்கள் முறைப்படி ஒருதரம் வாழ்த்துச் சடங்கு செய்யுங்கள் என்று தானாகவே கேட்டிருக்கிறாள். ஒரு பின்னேரம் மட்டும். மாமியாரும் வருவாவாம். “எங்களை ஆரும் பாத்துச் சிரிக்கிற மாதிரி ஏதும் நடந்தால் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவன், டாட். பிறகு வரமாட்டன்,” என்று போனில் சொல்லியிருக்கிறாள்.

“சடங்கை நான் பாத்துக்கொள்ளுவன்,” என்றார் பறுவத்தார். “சாப்பாட்டிலதான் பயம். எங்கட ஆக்கள் கொண்டுவாறதை நீங்கள் கண்டதில்லை. தொட்டால் கடிக்கிற காஞ்சோண்டி இலையில சூப். கடல்பாசி. ஏகோன் எண்டு ஒரு மரத்தின்ரை கொட்டையை இடிச்சு ஒரு பாண். போன வருசம் ஒருத்தரின்ரை பல்லுப் போனது.”

“சாப்பாட்டை என்னட்டை விடுங்கோ,” என்றேன். இதை நான் யாரிடம் சொன்னாலும் அவர்களுடைய கவலை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். இவருக்கு முடியவில்லை. அவர் தன் மேற்சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, விதிமுறைகளைச் சொல்லத் தொடங்கினார்.

கொன்ற எதுவும் ஆகாது. என் மட்டன் ரோல் அங்கேயே விழுந்தது. தெற்கு லண்டன் முழுக்க அதற்காக வரிசையில் நிற்கிறது என்று சொல்லிப் பார்த்தேன், அவர் அசையவில்லை. மண், காற்று, நெருப்பு, தண்ணீர் நான்குக்கும் ஆளுக்கொரு பதார்த்தம் வேண்டும். மண்ணுக்கு மரவள்ளிக்கிழங்கு என்றேன், தலையாட்டினார். தண்ணீருக்கு மோர். நெருப்புக்கு என்னுடைய மிளகாய்ச் சம்பலை ஒரு கரண்டி கொடுத்தேன். தின்றுவிட்டு, கண்ணீர் ஓட, நெருப்பு இதுதான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு மாமியாரை நினைத்து, “கொஞ்சம் அணைச்சுவிடுங்கோ,” என்றார். காற்றுக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஒரு அப்பளத்தைப் பொரித்து முன்னால் வைத்தேன். அதில் பொங்கின கொப்புளத்தை விரலால் உடைத்து உள்ளே பார்த்தார். உள்ளே காற்றுத்தான் இருந்தது. எழும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“அஞ்சாவது ஒண்டும் இருக்கு, அண்ணை. ஆவி. கண்ணுக்குத் தெரியாதது. அதுக்குச் சாப்பாடு வைக்கிறதுதான் கஷ்டம்.”

நான் ஒரு உழுந்து வடையை எடுத்து, அவருடைய கண்ணுக்கு நேரே பிடித்தேன். ஓட்டைக்குள்ளால் என்னைப் பார்த்தார். நானும் அந்தப் பக்கத்தால் அவரைப் பார்த்தேன். வடையின் ஓட்டைக்கு அவ்வளவு மரியாதை கிடைத்து நான் கண்டதில்லை.

இதையெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட பிலோமினா வெளியே வந்து ஏப்ரனைக் கழற்றி மேசையில் போட்டாள்.

“பேய்ப்பூசைக்கு நான் மாக்குழைக்க மாட்டன், அண்ணை. சாமத்தியவீடெண்டு சொல்லுங்கோ, நித்திரை முழிச்சுச் செய்யிறன். இது ஏலாது.”

“பேயில்லை பிலோமினா, பிள்ளை. சின்னப் பிள்ளை.”

“பிள்ளையோ? பாவம், அது என்ன செய்யும்.” ஏப்ரனைத் திரும்ப எடுத்தாள். “சரி, செய்யிறன். ஆனால் பானை அடுப்பில இருக்கிற நேரம் முழுக்க நான் செபமாலை சொல்லுவன். உவருக்குச் சொல்லி வையுங்கோ.”

சொன்னேன். பறுவத்தாருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. செபம் சொல்லிச் சமைத்த சாப்பாட்டுக்குச் சக்தி கூடவாம், அவளுக்குத் தன் நன்றியைச் சொல்லட்டுமாம். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்து நின்ற பிலோமினாவுக்குத்தான் கோபம் வந்தது.

அடுத்த பிரச்சினை அகப்பை. வாழ்த்துக்கான சாப்பாட்டை வலம்சுற்றித்தான் கிண்ட வேண்டும், இடம்சுற்றிக் கிண்டினால் விரட்டுகிற சாப்பாடாகிவிடும் என்றார். பிலோமினா இடதுகைக்காரி. பிறந்ததிலிருந்து இடம்சுற்றித்தான் கிண்டுகிறாள். அவர் எட்டிப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். “என்ரை கை, என்ரை அகப்பை,” என்றாள் அவள். கடைசியில் நான் தலையிட்டு, அவளை அடுப்பின் மறுபக்கத்தில் போய் நின்று கிண்டச் சொன்னேன். திசை மாறவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இருவருக்கும் திருப்தி. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இந்த மாதிரி யோசனைகள்தான் வரும், அதற்குமேல் படித்தவர்களுக்கு வராது.

சடங்குக்கு முதல் கிழமை ஜேன் குழந்தையோடு கடைக்கு வந்தாள், சாப்பாட்டைச் சரிபார்க்க. தகப்பனும் வந்து நின்றார். ஜேன் முகத்தில் சிரிப்பில்லாத பிள்ளை, ஆனால் மரியாதை உள்ள பிள்ளை. ஒவ்வொன்றாக ருசி பார்த்து, நன்றாக இருக்கிறது என்றாள். அதை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. பிறகு கேட்டாள்:

“பிள்ளைக்கு வாயில வைக்க என்ன குடுக்கிறியள்?”

“தேன்,” என்றார் பறுவத்தார். “ஒரு துளி. நாக்கு நுனியில. அதுதான் சடங்கின்ரை உயிர்.”

“ஒரு வயசுக்கு முதல் தேன் கூடாது, டாட். நேர்ஸ் சொல்லியிருக்கிறா. உப்பும் கூடாது. வாயில ஒண்டும் வைக்கக்கூடாது.”

“தண்ணி தொட்டு…”

“ஒண்டும் வேண்டாம். ஒருதரமாவது நான் சொல்லுறதைக் கேளுங்கோவன்.”

அவள் சொன்னது சரி. அது அவருக்கும் தெரியும். ஆனால் வாடிப்போய்விட்டார். “நான் கேக்கிறன், மகள். விருந்தில பங்கில்லாத பிள்ளையை எப்பிடி வரவேற்கிறது? சாப்பாடு படாட்டில் அவள் வந்திட்டுப் போற ஆள்தானே. எங்கட ஆள் இல்லை.”

‘எங்கட ஆள்’ என்ற சொல் ஜேனுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கார்ச் சாவியைக் கையில் எடுத்தாள். “அப்ப விட்டிடுவம், டாட். இதுதான் எனக்குப் பயமாயிருந்தது.”

பறுவத்தார் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய உருவம், அந்த நேரத்தில் சின்னதாகத் தெரிந்தது.

பிலோமினா மாக்கையோடு வெளியே வந்தாள்.

“பிள்ளைக்குப் பல்லு வந்திட்டுதோ எண்டு கேளுங்கோ, அண்ணை.”

கேட்டேன். ஜேன் குழந்தையின் உதட்டை மெல்லத் தூக்கிக் காட்டினாள். கீழே ஒரு பல், உடைத்த பச்சரிசி மாதிரி.

“எங்கட ஆக்கள் முதல் பல்லுக்குக் கொழுக்கட்டை அவிப்பினம். பிள்ளையின்ரை வாயில வைக்கிறேல்லை. தலையில கொட்டுறது.”

நான் மொழிபெயர்த்தேன். ஜேன் என்னை நம்பாமல் பிலோமினாவைப் பார்த்தாள். “தலையிலயோ?”

“ஓம். மேல வெள்ளைத்துணி பிடிச்சுத்தான்.”

“சுடாதோ?”

“ஆறவிட்டுத்தான் கொட்டுறது. நாங்கள் என்ன காட்டு ஆக்களோ?”

இந்தக் கடைசி வசனத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் ஜேனுக்கு விளங்கிவிட்டது போலிருந்தது.

பிலோமினா போய் ஒன்று செய்துகொண்டு வந்தாள். அரிசிமாவைத் தட்டி, அவித்த பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் உள்ளே வைத்துப் பாதியாக மடித்து, ஓரத்தில் தேங்காய்ச் சொட்டுகளைப் பல்லு மாதிரிக் குத்தி அவித்தது. அதைப் பறுவத்தாரின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பிறை,” என்றார். “பல்லு முளைச்ச பிறை.”

அவர்களுடைய சடங்குப் பலகாரம் பிறை வடிவத்தில்தான் இருக்க வேண்டுமாம். அவருடைய ஆட்கள் சுட்டால் சப்பாத்து அடி மாதிரித்தான் வருமாம். சொல்லச் சொல்ல அவருக்குக் கண் கலங்கியது.

“வைச்சுக்கொண்டு அழாமல் சாப்பிடச் சொல்லுங்கோ,” என்றாள் பிலோமினா. “ஆறினால் இறுகும்.”

“அப்ப வாயில ஒண்டும் போகாது,” என்றாள் ஜேன், இன்னொருமுறை உறுதி செய்துகொள்ள.

“போகாது.”

சாவி கைப்பைக்குள் திரும்பப் போனது. இந்தக் கொழுக்கட்டை யோசனை என் மனதில் முதலே இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பிலோமினாவின் வாய் என் மனதை முந்திவிட்டது, அவ்வளவுதான்.

சடங்கு அவருடைய வீட்டுப் பின்வளவில், வாண்டில் ஆற்றங்கரைப் பக்கம். சாப்பாட்டை இறக்கிவிட்டுப் போக வந்தவன் நான். பேய் ஏதும் வந்தால் பிள்ளைக்குக் காவல் வேண்டும் என்று பிலோமினாவும் செபமாலையோடு வந்தாள். கறுப்பு அங்கி போட்ட ஆட்கள் அப்பிள் மரத்தைச் சுற்றி நின்றார்கள். விசாரித்தால் ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, ஒருத்தி பல் வைத்தியரிடம் வேலை. பேய் பிடிக்கிற ஆட்கள் மாதிரி இல்லை. பேயைக் கண்டால் இருத்திப் பிஸ்கட் கொடுக்கிற ஆட்கள் மாதிரி இருந்தார்கள்.

பறுவத்தாரைத்தான் எனக்கு அடையாளம் தெரியவில்லை. டை கட்டியிருந்தார். விரலில் ஒரு மோதிரமும் இல்லை. தாடியைச் சீவி, பின்னி, சேட்டுக்குள் செருகியிருந்தார். ஒரு வங்கி முகாமையாளர் தொண்டை வீங்கி நிற்கிற மாதிரி இருந்தது. நிலவோடு சத்தமாகப் பேசுகிற மனிதர், அன்று ஒரு கடதாசியை வைத்துக்கொண்டு, கவுன்சில் கடிதம் வாசிப்பது போல முணுமுணுத்தார். மாப்பிள்ளை புல்லைப் பார்த்தார். மாமியார் மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு இருந்தா. ஜேன் தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அவள் கேட்டது அதுதான். ஆனால் அவளுடைய முகத்தில் நிம்மதியும் இல்லை.

முதல் உணவு மண்ணுக்குக் கொடுக்க வேண்டும். அவர் ஒரு வடையை எடுத்துப் பூப்பாத்தியில் புதைத்தார்.

“ஏன் அதைப் புதைக்கிறியள்?” என்று மாமியார் கேட்டா.

“மண்ணுக்கு,” என்றார், பிடிபட்ட பள்ளிக்கூடப் பொடியன் மாதிரி.

“நல்ல வடை, பாவம்,” என்றா அந்த அம்மா.

பிறகு பிலோமினாவின் பகுதி. குழந்தையைப் பாயில் இருத்தினோம். முன்னால் ஒரு தட்டம். அதில் எல்லாரும் ஒவ்வொரு பொருள் வைக்க வேண்டும், குழந்தை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் எதிர்காலம். மாமியார் தன் செபப்புத்தகத்தை வைத்தா. ஜேன் கல்குலேட்டர். பஸ் சாரதி ஒரு விசில். நான் என் அகப்பையை வைத்தேன், பிள்ளைக்கு நல்ல காலம் இருந்தால் எடுக்கட்டும் என்று.

“உவர் ஒண்டும் வைக்கேல்லையோ?” என்றாள் பிலோமினா. நான் கேட்டேன்.

“வேண்டாம் அண்ணை. என்ரை சாமான் ஒண்டும் அவளுக்குச் சரிவராது.”

மெதுவாகத்தான் சொன்னார். ஜேனுக்குக் கேட்டது.

நானும் பஸ் சாரதியும் வெள்ளைத்துணியைப் பிடித்தோம். பறுவத்தார் கொழுக்கட்டைக் கிண்ணத்தோடு குழந்தைக்கு மேலாகக் குனிந்து கொட்டத் தொடங்கினார். நன்றாக ஆறவிட்டதில் கொழுக்கட்டைகள் கல்லாகியிருந்தன. துணியில் விழுந்து துள்ளி நாலு பக்கமும் ஓடின. ஒன்று மாமியாரின் கைப்பைக்குள் போனது. குழந்தை அழவில்லை, மேலே அண்ணாந்து பார்த்தது. அந்த நேரம் அவருடைய சேட்டுப் பொத்தான் ஒன்று தெறித்து, பின்னின தாடி முழுதாக வெளியே வந்து தொங்கியது.

குழந்தை செபப்புத்தகத்தைப் பார்க்கவில்லை. கல்குலேட்டரைப் பார்க்கவில்லை. என் அகப்பையைக் காலால் தள்ளிவிட்டது, அதை நான் இன்னும் மறக்கவில்லை. இரண்டு கையாலும் தாடியைப் பிடித்தது. பிடித்தது பிடித்ததுதான்.

அவர் அரைவாசி மடிந்த நிலையில், வெறும் கிண்ணத்தோடு நின்றார். நிமிரவும் முடியவில்லை, இழுக்கவும் மனமில்லை. ஜேன் வந்து முழங்காலிட்டுக் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றைப் பிரித்தால் மற்றது மூடியது. தகப்பனுக்கும் மகளுக்கும் முகத்துக்கு முகம் ஒரு சாண் இடைவெளி. நான் பக்கத்தில் துணியோடு நின்றதால் எல்லாம் கேட்டேன்.

“டாட், அந்தக் கொம்பு எங்கை?”

“கொட்டிலுக்குள்ள. பூட்டித்தான் வைச்சிருக்கிறன். பயப்படாதை.”

“எடுத்துப் போடுங்கோ. வேறெதையும் பாத்தால்தான் இவள் தாடியை விடுவாள்.”

“உன்ரை மாமி…”

“மாமி பாக்கட்டும்.”

பஸ் சாரதி ஓடிப்போய்க் கொண்டுவந்தார். ஜேன்தான் வாங்கித் தகப்பனின் தலையில் வைத்து, வலப்பக்கம் சரிந்திருந்ததை நேராக்கினாள். குழந்தை கொம்பைக் கண்டது. தாடி விடுபட்டது. வாய் திறந்தது. அந்த ஒற்றைப் பல் எல்லாருக்கும் தெரிந்தது. அங்கே யார் முதலில் சிரித்தது என்று கேட்டால், சிரிக்கக்கூடாது என்று சட்டம் போட்ட ஜேன்தான். சிரித்தபடியே கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பறுவத்தார் நிமிர்ந்தார். கொம்போடு அவர் மரத்தின் கொப்புக்கு எட்டினார். கடதாசியைக் கசக்கிப் போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கி, வானத்துக்கும் மண்ணுக்கும் நாலு திசைக்கும் பேத்தியை அறிமுகம் செய்துவைத்தார். அந்தக் குரலுக்குப் பக்கத்து வீட்டு யன்னல்கள் திறந்தன.

அதற்குப் பிறகு நடந்தது சாப்பாடு. என் சாப்பாட்டைப் பற்றி நானே சொல்வது அழகில்லை. ஒன்றும் மிஞ்சவில்லை என்று மட்டும் சொல்கிறேன். மாமியார் நெருப்புக்கு வைத்த சம்பலை இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டா. கைப்பைக்குள் விழுந்த கொழுக்கட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தா. பேய் அண்டாமல் இருக்கப் பிலோமினா ஒவ்வொன்றின் முதுகிலும் நகத்தால் சிலுவை கீறியிருந்தாள், எனக்கே தெரியாது. அந்த அம்மா அதைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்து, பக்கத்திலிருந்த இன்னும் சிலதையும் எடுத்து வைத்துக்கொண்டா.

அந்த வருச முடிவில் ஜேன் தகப்பனைத் தங்களோடு வரச் சொன்னாள். அவர்கள் கடற்கரைப் பக்கம் ஒரு ஊரில் வீடு வாங்கியிருந்தார்கள். பின்னால் அவருக்கென்று ஒரு அறை கட்டியிருக்கிறார்களாம். “கொட்டிலும் இருக்கு, அண்ணை,” என்றார். வேனை விற்றுவிட்டார். போகிற அன்று கடைக்கு வந்து, ஒரு வடையை நின்றபடி சாப்பிட்டார். பிலோமினா வழிக்கு இடியப்பம் கட்டிக் கொடுத்தாள், சூனியக்காரனுக்கு என்று யாரும் நினைத்துவிடக்கூடாது, பிள்ளைக்குத்தான் என்றாள். பிள்ளைக்கு அவ்வளவு இடியப்பம் ஏன் என்று நான் கேட்கவில்லை.

பிறகு அவர் பையைத் துழாவி, என் கடைப் பின்கதவுச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். அவசரத்துக்கு வந்து பார்க்கட்டும் என்று எப்போதோ கொடுத்தது. சொந்தக்காரர் யாருக்கும் நான் கொடுக்காத சாவி.

“இனித் தேவைப்படாது,” என்றார்.

நான் அதை எடுத்து அவருடைய சட்டைப் பைக்குள் திரும்பப் போட்டேன். ஒரு சாவி வெளியே நிற்கிறது, பூட்டை மாற்று என்று என் மனுசி இப்போதும் கரைச்சல் தருகிறாள். மாற்ற மாட்டேன்.